பார்த்துவிட்டுப் போடுகிறேன்



விக்கிரமசிங்கபுரம் மில்லால் வளர்ந்த ஊர். அருகே பாபநாசத்தில் அருவித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் தொடங்கிய நூற்பாலை அது. ஆலைகளில் கணக்கு எப்படி நடக்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வரும் லாரியை எடை போடுகிறவர் ஒருவர். ஸ்டோர்ஸில் சரக்கை எண்ணி வாங்குகிறவர் வேறொருவர். பில்லைச் சரிபார்க்கிறவரும் செக் எழுதுகிறவரும் வேறு வேறு ஆட்கள். ‘அகக் கட்டுப்பாடு’ என்று, இன்று பட்டம் பெறும் நீங்கள் தேர்வுக்குப் படித்தது இதைத்தான்.

வள்ளுவர் இதை ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் அரசனுக்குச் சொல்கிறார்: ஒருவரை ஒருவர் அறியாதபடி ஒற்றர்களை வை, மூவர் சொல்வதும் ஒத்துவந்தால் நம்பு. தணிக்கைத் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் படித்ததில்லை.

அந்தப் பாடத்தை மறந்த கதை ஒன்று. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கமும் வங்கி இருப்புமாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது கடிதம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணித அறிவு வேண்டியதில்லை. தணிக்கையாளர் நேரே வங்கிக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதிலும் நேரே அவர் கைக்கு வர வேண்டும். அந்த வேலையைச் சத்யத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் சொன்னது. யாரைச் சோதிக்கப் போனார்களோ அவரிடமே சோதனையை ஒப்படைத்திருக்கிறார்கள்!

2018இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வேறு மாதிரி. மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதங்கள் போயின. வங்கியின் சொந்தக் கணக்கு மென்பொருளில் அவை ஏறவேயில்லை. அதிகாரி ஒருவர் பல ஆண்டுகள் அதே கிளையில் இருந்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்தவர்கள், “உத்தரவாதத்துக்கு ஈடு எங்கே?” என்று கேட்டார்கள். 13,000 கோடிக்கும் மேற்பட்ட மோசடி அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்தது. ‘லீவே எடுக்காத ஊழியர்’ என்று யாரையாவது மேடையில் பாராட்டும்போது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழக அரசு 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. அதற்காக அடகு நகைப் பைகளைப் பிரித்துப் பார்த்தபோது, சில சங்கங்களில் கவரிங் நகை இருந்தது; சில இடங்களில் கடன் இருந்தது, நகையே இல்லை. லெட்ஜர் பைசா பிசகாமல் டாலி ஆகியிருக்கும். பெட்டகத்தைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

கட்டுப்பாடு இருந்தாலே மோசடி நடக்காது என்று சொல்ல மாட்டேன். இருவர் கூட்டுச் சேர்ந்தால் அது வளையும். முதலாளியே செய்தால் உடையும். சத்யத்துக்குப் பிறகு வந்த 2013 கம்பெனிச் சட்டம் தணிக்கையாளரின் பொறுப்பை இறுக்கியது. கணக்கில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாத மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அம்பாசமுத்திரத்து அரிசி மில்லோ கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியோ பெரும்பாலும் சட்டப்படி கம்பெனியாகப் பதிவானதல்ல; அந்த விதி அதற்குப் பொருந்தாது. அங்கே முதலாளி கல்யாணத்துக்குப் போகும்போது செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். “நம்ம பையன்தானே” என்பார். அந்தப் பையனாக நாளை நீங்கள் இருக்கலாம். வெற்றுச் செக்கை வாங்காதீர்கள். பிற்பாடு பணம் குறைந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். தப்பு செய்யாதவரைக் காப்பாற்றுவதும் இந்தக் கட்டுப்பாடுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மார்ச் மாதத்திலேயே யாராவது சரக்கிருப்புப் பட்டியலை நீட்டி, “சும்மா ஒரு கையெழுத்துதான், போடுப்பா, போடும்மா” என்பார். சண்டை போட வேண்டாம். “குடோன் சாவியைக் கொடுங்க அண்ணாச்சி, பார்த்துவிட்டுப் போடுகிறேன்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.