சுளுக்கா, முறிவா?



ஓடி விளையாடும் பருவத்தில் ஒருமுறையேனும் காலிற் சுளுக்கு வாராதவர் உங்களுள் மிகச் சிலரே இருப்பர். ஆகவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குப் புதியதன்று. ஆனால், ‘இது சுளுக்குத்தானா?’ என்னும் எளிய வினாவுக்கு விடை காண மருத்துவ அறிஞர் எடுத்துக்கொண்ட முயற்சி உங்களுட் பலர் அறியாததாக இருக்கலாம். அதனைச் சொல்லுமுன் என் பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1986ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பணியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு மாலை சடுகுடு ஆட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கால் பிசகி விழுந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது, எனினும் பெரிய வீக்கமன்று. அவன் எழ முயன்றான். காலை ஊன்ற இயலாமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். நான் வீக்கத்தைப் பார்த்தேன். “வெறும் சுளுக்குத்தான், நடந்தால் சரியாகிவிடும்” என்றேன். ஆசிரியர் சொல்லை மறுத்துப் பேச அக்காலப் பிள்ளைகளுக்கு நா எழாது. இரு தோழர்களின் தோளைப் பற்றிக்கொண்டு அவன் வீடு சென்றான். வீட்டாரும் என் சொல்லை நம்பி எண்ணெய் தடவி நீவிவிட்டனர். பன்னிரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்து விலகியிருப்பது தெரிந்தது. அவ்வாண்டு முழுவதும் அவன் ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

சுளுக்கு என்பது யாது? எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். மூட்டு அளவுக்கு மீறித் திரும்பும்போது அந்நார் இழுபட்டோ கிழிந்தோ போவதே சுளுக்கு. தசையோ, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ அவ்வாறு இழுபடுவது வேறு, அது தசையிழுப்பு. பாதம் உட்புறமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்புற நார்களே பெரும்பாலும் துன்புறுகின்றன. அதே விசை சற்று மிகுந்தால் எலும்பும் முறியும். வலியும் வீக்கமும் இரண்டிற்கும் பொதுவானவை. இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது.

இவ்வையத்தைத் தீர்க்க, கணுக்கால் வலியென்று வருவோருள் ஏறக்குறைய அனைவருக்கும் மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுப்பது வழக்கமாக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு எலும்பில் ஒரு குறையும் இராது. கனடா நாட்டின் தலைநகராகிய ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்க்க முற்பட்டனர். 750 பெரியவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் 32 குறிகளை மருத்துவர்கள் பார்த்துப் பதிவு செய்தனர். ஒரே நோயாளியை இருவர் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகின்றனரா என்பதையும் சிலரிடம் சோதித்தனர். பின்னர் எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிட்டு, முறிவை உண்மையில் காட்டும் குறிகள் எவை என்று பிரித்தெடுத்தனர். 1992இல் அம்முடிவு வெளியாயிற்று. வயது 55 அல்லது அதற்கு மேற்பட்டிருத்தல் என்பதும் முதலில் ஒரு குறியாக இருந்தது. 1993இல் மீண்டும் சோதித்து அதனை நீக்கிவிட்டனர்.

எஞ்சி நின்றவை எத்துணை எளியவை என்று பாருங்கள்! கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டர் அளவிலோ விரலால் அழுத்தினால் நோகிறதா? அடிபட்ட உடனும், பின்னர் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி நடக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்றேனும் உண்டென்றால் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் அது நடையென்றே கொள்ளப்படும். நடுப்பாதத்தின் வலிக்கும் இவ்வாறே அழுத்திப் பார்க்க இரண்டு இடங்களைக் குறித்துள்ளனர். வீக்கத்தின் அளவு இவ்விதிகளில் இடம்பெறவேயில்லை. நான் அன்று எதனை நம்பி முடிவு கூறினேனோ, அதற்கு அங்கே மதிப்பில்லை!

2003இல் 27 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தனர். அவற்றில் 15,581 பேர் அடங்குவர். எக்ஸ்ரே தேவையில்லை என்று இவ்விதிகளால் ஒதுக்கப்பட்டவர்களுள் முறிவு இருந்தவர் 100க்கு 2 பேருக்கும் குறைவே. இவற்றைக் கைக்கொண்டால் வேண்டாத படங்களில் 30 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கலாம் என்றும் அத்தொகுப்பு கூறியது. விரலும் நான்கு அடி நடையும் செய்யும் வேலை இது! எனினும் இது பயின்றவர் கையாளும் கருவி என்பதை மறவாதீர்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கும், காலில் உணர்ச்சி குன்றியவர்களுக்கும் இது பொருந்தாது.

பழக்கத்தைச் சோதித்தறியும் இவ்வேலை மருத்துவ முறையிலும் நிகழ்ந்துள்ளது. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978இல் தம் நூலில் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். பல ஆண்டுகளுக்குப் பின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதிக்கச் செய்யலாம் என்று அவரே எழுதினார். 101 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. கடுமையல்லாத கணுக்கால் சுளுக்கில், முதல் வாரத்திலேயே தக்க பயிற்சிகளைத் தொடங்கியவர்களுக்குக் காலின் செயல் விரைவில் மேம்பட்டது என்று அது காட்டிற்று. தாம் கூறியதைத் தாமே திருத்திக்கொள்வது அறிஞர்க்கு இழிவன்று. அஃது அவர்தம் பெருமையே ஆகும்.

மாணவர்களே! உங்கள் தோழன் ஒருவன் விழுந்து, காலை ஊன்ற இயலாமல் உட்கார்ந்துவிட்டால், அதனைச் சுளுக்கென்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நீவவும் வேண்டா, நடக்க வற்புறுத்தவும் வேண்டா. மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பெரியவர் ஒருவர் ‘வெறும் சுளுக்கு’ என்று கூறினாலும், “ஐயா, இவனால் நான்கு அடி நடக்க முடியவில்லையே!” என்று பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

அன்று அவன் எழ முயன்று உட்கார்ந்ததை நான் கண்ணாரக் கண்டேன். விடை என் முன்னே இருந்தது. நான் வினாவைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.