நீதிபதியைக் கேட்பவர் யார்?



அண்மையில் மதுரையிலிருந்து மேலூருக்குச் செல்லும் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவரின் அருகே அமர்ந்திருந்தேன். யானைமலை கண்ணுக்குத் தெரியும் அச்சாலையில்தான், 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் திறக்கப்பெற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. அதைக் கடக்கும்போது அவர், "ஐயா, தாசில்தார் தவறினால் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். கலெக்டர் தவறினால் இங்கே வரலாம். இங்கே அமர்ந்திருப்பவரே தவறினால் எங்கே போவது?" என்று கேட்டார். இறங்கும் இடம் வந்துவிட்டதால் அன்று விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

இவ்வினா மதுரைக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான், கோவலன் உயிரிழந்தான். கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நின்றபோது, மன்னன் அவளை உள்ளே வரவிட்டான். அவள் சிலம்பை உடைத்ததும் தன் பிழையை உணர்ந்து உயிர் நீத்தான். அவனை விசாரிக்க வேறு மன்றம் இல்லை, மனச்சான்றே மன்றமாயிற்று. ஆனால் பதவியில் இருப்போர் அனைவருக்கும் அத்தகைய மனச்சான்று வாய்க்கும் என்று நம்பி ஒரு நாடு வாளா இருக்க முடியுமா? ஆகவே சட்டம் வேண்டியதாயிற்று.

அச்சட்டம் மிக எளிதாகவும் இருத்தல் ஆகாது. வழக்கில் தோற்றவரெல்லாம் நீதிபதியை நீக்கலாம் என்றால், அஞ்சாமல் தீர்ப்பளிப்பவர் யார்? அமெரிக்காவில் 1804-இல் சாமுவேல் சேஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதிமீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. 1805-இல் செனட் சபை அவரை விடுவித்தது. தீர்ப்பும் கருத்தும் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு நீதிபதியை நீக்கலாகாது என்ற மரபு அதனால் வேரூன்றியது. அந்நாட்டின் மத்திய நீதிமன்ற நீதிபதிகளுள் செனட் சபை குற்றவாளி எனக் கண்டு நீக்கியவர் இதுவரை எண்மரே.

நம் அரசியல் சட்டத்தின் 124-ஆம் பிரிவும் குறுகிய வாயிலையே அமைத்தது. தீய நடத்தையோ திறமையின்மையோ மெய்ப்பிக்கப்பட வேண்டும். பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினரும் இசைய வேண்டும். குற்ற வழக்குக்கும் நீதிபதி அப்பாற்பட்டவர் அல்லர். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த கே. வீராசாமியின் வழக்கில், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியரே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியலாகாது என்று காப்பும் இட்டது.

நீக்கத்துக்கான வாயில் 1993-இல் சோதனைக்குள்ளாயிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி தமிழ்நாட்டவர். முன்னர்ப் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்தபோது, அலுவல் இல்லத்துக்காக அரசுப் பணத்தை மிகையாகச் செலவிட்டார் என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நீதிபதிகள் மூவர் அடங்கிய குழு, குற்றச்சாட்டுகளுள் பல மெய்ப்பிக்கப்பட்டன என்று கண்டது. மே 11-ஆம் நாள் மக்களவையில் வாக்கெடுப்பு. நீக்க வேண்டும் என்றோர் 196 பேர். வேண்டாம் என்றவர் ஒருவரும் இலர். வாக்களிக்காது இருந்தோர் 205 பேர். தீர்மானம் தோற்றது. மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார்.

நண்பர்களே, அவர் குற்றமற்றவர் என்று அச்சபை சொல்லவில்லை. குற்றமுடையவர் என்றும் சொல்லவில்லை. ஐயம் உடையவர்கள் "வேண்டாம்" என்று வாக்களித்திருக்கலாம். அதுவும் ஒரு விடையே. விடையே சொல்லாமை குற்றம் சாட்டியவருக்கும் நீதி அன்று, சாட்டப்பட்டவருக்கும் நீதி அன்று.

பேருந்தில் கேட்ட மாணவருக்கு என் விடை இதுதான்: "தம்பி, போவதற்கு வாயில் உண்டு. அது குறுகியதாக இருப்பதும் நன்றே. ஆனால் கண்ணகி வந்து நிற்கும்போது, உள்ளிருப்பவர் வாய் திறக்க வேண்டும்." நாளை தாசில்தாராகவும் நீதிபதியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் உள்ளிருக்கப் போகிறவர்கள் நீங்களே.