தொலைக்காட்சியார் வாயிலில்

(திங்கட் கூட்டத்தில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



உங்களுள் நால்வர் சேர்ந்து சிறார்க்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எண்ணியிருப்பதாகவும், ஆக்குநர்களிடம் அதனை எடுத்துச் செல்லுமுன் என் பட்டறிவைக் கேட்க விரும்புவதாகவும் கூறினீர்கள். என்னுடையது தோற்றவனின் பட்டறிவு. அதனையே முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன் ‘காற்றின் பெயர்’ என்றொரு தொடரை எண்ணினேன். பள்ளிப் பிள்ளைகள் கடற்கரைக்கும் கொல்லுலைக்கும் தறிக்கூடத்திற்கும் செல்வர். அங்கு உழைப்போர் வாயில் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து வருவர். இராமநாதபுரக் கடற்கரையில் வலை பழுது பார்த்திருக்கும் முதியவர் மேல்காற்றைக் கச்சான் என்பார்; தென்காற்றைச் சோழகம் என்பார்; கீழ்காற்று அவருக்குக் கொண்டல்; வடகாற்று வாடை. என் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் மாணவனுக்கோ காற்று ஒன்றே. அது மின்விசிறியிலிருந்து வருவது. இதனை விளக்கி நாற்பது பக்கம் எழுதினேன். அவற்றுள் முதல் ஒன்பது பக்கம் தமிழின் தொன்மை பற்றியது. சிரிக்கின்றீர்கள், சிரிக்கத்தான் வேண்டும்.

சென்னையில் ஒரு தனியார் தொலைக்காட்சி அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்த பின்னர் ஓர் இளைஞர் அழைத்தார். கட்டைப் புரட்டிவிட்டு, “ஐயா, இது எந்த நிகழ்ச்சியைப் போல இருக்கும்?” என்று கேட்டார். எதனைப் போன்றதும் அன்று என்று பெருமிதத்தோடு விடையிறுத்தேன். “அப்படியானால் இதை யார் பார்ப்பார்கள்?” என்றார். என்னிடம் விடையில்லை. ஒரு நடிகையைச் சேர்த்துப் பரிசுத்தொகையும் வைத்து வினாவிடைப் போட்டியாக்கலாம் என்று அவரே வழி சொன்னார். சினந்து எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்ன வழி எனக்கு இன்றும் உவப்பானதன்று. ஆனால், யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்ட வினாவில் ஒரு பிழையும் இல்லை என்பது பின்னரே விளங்கிற்று.

அதனை எனக்கு விளக்கியது அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தி. 1966-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயார்க்கில் கல்வித் தொலைக்காட்சி ஒன்றில் பணியாற்றிய சோன் கான்சு கூனி என்னும் அம்மையார் தம் இல்லத்தில் விருந்தளித்தார். விருந்தினருள் கார்னகி அறக்கட்டளையைச் சேர்ந்த இலாயிடு மாரிசெட் என்னும் உளவியலாரும் ஒருவர். அவருடைய மூன்று அகவை மகள் விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சி தொடங்குமுன் திரையில் தோன்றும் வெறுங் கோட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். சிறு பிள்ளைகளுக்கு இதன் வழியே கல்வி புகட்டவியலுமா என்று அவர் அன்று வினவினார்.

அம்மையார் உடனே கதையெழுதத் தொடங்கவில்லை என்பதனைக் கருதுங்கள். பல ஊர்களுக்கும் சென்று, பிள்ளை வளர்ச்சி அறிந்தோரையும் ஆசிரியர்களையும் தொலைக்காட்சித் துறையினரையும் கண்டு உசாவி, அவ்வாண்டிலேயே ஓர் அறிக்கை எழுதி அளித்தார். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் அறியாமலேயே பள்ளிக்கு வந்து முதல் நாளிலேயே பின்தங்குகின்றனர். அதே பிள்ளைகள் விளம்பரப் பாட்டுகளை மட்டும் ஓரெழுத்துப் பிறழாமல் பாடுகின்றனர். எனின், விளம்பரக்காரர் பொருளை விற்கும் முறையிலேயே எழுத்தை ஏன் விற்கலாகாது? குறுகிய காட்சி, இசை, திரும்பத் திரும்பக் கூறல். என் நாற்பது பக்கத்தில் இல்லாது போனது இதுதான். நான் தமிழின் பெருமையைச் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கு என்ன குறை, அதனை எப்படித் தீர்ப்பது என்று சொன்னேனல்லேன்.

ஈராண்டு உழைப்பிற்குப் பின், அரசும் கார்னகி, போர்டு அறக்கட்டளைகளுமாக ஏறத்தாழ 80 இலக்கம் தாலர் ஒதுக்கின. 1968-இல் அதற்கெனத் தனி அமைப்பே உருவாயிற்று. ஒரு பெண் அதற்குத் தலைமை தாங்கலாமா என்றும் சிலர் ஐயுற்றனர். (ஐயுறுவோர் எந்நாட்டிலும் உளர்!) அம்மையாரே தலைமையேற்றார். இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகின்றேன்.

எட்வர்டு பாமர் என்னும் ஆய்வாளர் ஒரு முறை கண்டார். பிள்ளையின் முன் நிகழ்ச்சி ஓடும். பக்கத்தில் வேறொரு திரையில் 7.5 நொடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டேயிருக்கும். பிள்ளை எப்பொழுது அந்தப் படத்தின்பால் திரும்புகிறதோ, அந்த இடத்தில் நிகழ்ச்சி தோற்றது என்று குறித்துக்கொள்வர். 1969 சூலைத் திங்களில் ஐந்து ஆய்வோட்ட நிகழ்ச்சிகளைப் பிலடெல்பியாவில் பிள்ளைகளுக்குக் காட்டினர். பொம்மைகள் வந்தபொழுதெல்லாம் பிள்ளைகள் கண் கொட்டாது பார்த்தனர். தெருவில் பெரியவர்கள் மட்டுமே பேசிய இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். மெய்யையும் புனைவையும் கலத்தல் கூடாது என்று உளவியல் வல்லுநர் கூறியிருந்தமையால்தான் பொம்மைகளைத் தெருவிற்குள் விடாதிருந்தனர். வல்லுநர் சொல்லை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளின் கண் சொன்னதைக் கேட்டனர். சிம் என்சன் என்னும் பொம்மைக் கலைஞர் ஆளுயரத்தினும் பெரிய மஞ்சட் பறவையொன்றையும், குப்பைத் தொட்டியில் வாழும் சிடுமூஞ்சி ஒன்றையும் படைத்துத் தெருவிற்குள் நடமாடவிட்டார். 1969 நவம்பர் 10-ஆம் நாள் ‘செசாமித் தெரு’ ஒளிபரப்பாயிற்று. கருப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டியதற்காக 1970-இல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சியார் அதனைத் தடுத்தனர். எதிர்ப்பெழவே சில கிழமைகளில் தடையை விலக்கிக்கொண்டனர்.

நம் கருத்தைத் திருடிவிட்டால் என் செய்வது என்று உங்களுள் ஒருவர் வரும் வழியிலேயே கேட்டார். வெறுங் கருத்திற்குச் சட்டத்தில் காப்பில்லை. தில்லி நாடக ஆசிரியர் ஒருவர், தம் நாடகத்தைப் படித்துக் காட்டக் கேட்டவர்களே அதனைப் படமாக்கிவிட்டனர் என்று வழக்குத் தொடுத்தார். 1978-இல் உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் எழுத்துரிமை இல்லை, அவற்றை வெளிப்படுத்திய வடிவத்திற்கே உண்டு என்று கூறி, அவர் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. ஆதலின் அஞ்சி ஒளிக்காதீர்கள், வடிவம் கொடுங்கள். முதல் நிகழ்ச்சியை உரையாடலோடு முற்ற எழுதுங்கள். கொடுத்ததன் படியொன்றை நாளிட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம், என்று கொடுத்தீர்கள் என்பதனையும் குறியுங்கள்.

எதனைப் போன்றது என்று கேட்டால் என்னைப் போல் தலைநிமிர்ந்து நிற்காதீர்கள். செசாமித் தெரு விளம்பரத்தைப் போன்றது என்று சொல்ல அம்மையார் நாணவில்லை. தமிழை விட்டுக்கொடுக்கச் சொல்கின்றேன் என எண்ணிவிடாதீர்கள். நடிகை வேண்டுமென்றால் வரட்டும். அவர் கச்சான் என்னும் சொல்லை அம்முதியவரிடம் கேட்டறியட்டும். அச்சொல்லை எடுத்துவிடச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

நானும் மீண்டும் செல்லவிருக்கின்றேன். நாற்பது பக்கம் இரண்டாகிவிட்டது. என் மாணவர் இருவர் அந்த முதியவரோடு தோணியில் அமர்ந்து பேசியதை ஒரு கைப்பேசியில் எட்டு மணித்துளிக்குப் பதிந்து வைத்துள்ளேன். வரும் காரிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் பள்ளியில் அதனைச் சிறுவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம். பக்கத்துச் சுவரில் வேறு படங்கள் மாறிக்கொண்டிருக்கும். ஐந்து முதல் எட்டு அகவைக்குட்பட்ட பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அழைத்து வாருங்கள். உங்களுள் இருவர் தாளும் எழுதுகோலுமாக அவர்களின் கண்களைக் கவனித்தல் வேண்டும். முதியவர் வலையைப் பற்றி நெடுநேரம் பேசும் இடத்தில் திரும்பிவிடுவார்கள் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. பார்ப்போம்.