பொம்மை பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளை எப்போது பேசும்?



பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சி பற்றிய இந்தக் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த தலைப்பு, சத்தம் போடும் பொம்மைகள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இது விளையாட்டு விஷயம் அல்ல.

ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கம் இரவுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஏ பி சி பாடும் டெலிபோன், சைரன் அடிக்கும் கார் எல்லாம் பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அது பெரிய உதவி. அதோடு, பேசாத பிள்ளைக்குப் பேசும் பொம்மை கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது.

என் மகனுக்கு இரண்டரை வயதில் பேச்சுப் பயிற்சி தொடங்கினோம். உறவினர்கள் அன்போடு வாங்கி வந்ததெல்லாம் பேட்டரி பொம்மைகள். ஒரே பொத்தானை முப்பது தடவை அழுத்துவான். இருபத்தாறு ஆங்கில எழுத்தையும் ராகம் மாறாமல் பாடுவான். ஆனால் தாகம் எடுத்தால் 'தண்ணி' என்று கேட்க மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஐஸ்பெட்டி முன் நிறுத்துவான்.

பாட்டை ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. நான் ஒன்று சொல்ல, நீ காது கொடுத்துக் கேட்டு, நீ ஒன்று சொல்ல நான் காத்திருப்பதுதான் பேச்சு. பொம்மைக்குக் காத்திருக்கத் தெரியாது.

இதை அமெரிக்காவின் வட அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா ஆராய்ந்திருக்கிறார். 10 முதல் 16 மாதக் குழந்தைகள் உள்ள 26 குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளையும் விளையாடும்போது ஒலிப்பதிவு செய்தார்கள். படப் புத்தகம் பார்க்கும்போது பெற்றோர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 சொற்கள் பேசினார்கள். மரக்கட்டை போன்ற சாதாரண பொம்மைகளோடு 56. பேட்டரி பொம்மை வந்ததும் அது 40 ஆகக் குறைந்தது. குழந்தைகள் எழுப்பிய ஒலியும், புத்தகம் பார்த்த நேரத்தைவிடக் குறைவு. பொம்மை பேசத் தொடங்கியதும் பெற்றோர் மௌனமாகி விடுகிறார்கள்!

நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம்? கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் குடும்பம் பெரிய மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். மாதத்தில் அரை மணி நேரப் பயிற்சி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தால் மாதத்துக்கு 360 மணி நேரம். மீதி முந்நூற்று ஐம்பத்தொன்பதரை மணி நேரமும் வீட்டில்தான். அந்த நேரத்தைப் பொம்மையிடம் கொடுத்துவிட்டால் பயிற்சியாளர் என்ன செய்ய முடியும்?

நம் பாட்டிமார்கள் பிள்ளையின் உள்ளங்கையில் பருப்பு கடைவார்கள். எல்லாருக்கும் பங்கு வைத்து, விரலை மெல்ல அக்குள் வரை நடத்துவார்கள். கடைசியில் ஒரு கணம் நிறுத்துவார்கள். அப்போது பிள்ளை முகத்தைப் பார்த்து, 'இன்னும்' என்று கண்ணாலாவது கேட்கும். பயிற்சியாளர்களும் பிள்ளையைப் பேசவைக்க இப்படித்தான் இடைவெளி விட்டுக் காத்திருக்கிறார்கள். இதற்குப் பேட்டரி தேவையில்லை.

தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசினால் சீக்கிரம் பேச்சு வரும் என்று சிலர் சொல்வார்கள். பயப்படாதீர்கள். வீட்டில் இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பாட்டிக்குச் சரளமாக வருவது தமிழ் என்றால், பிள்ளைக்கு வேண்டியதும் அந்தத் தமிழ்தான்.

அதற்காக எல்லாப் பொம்மைகளையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. கை கால் அசைவு குறைந்த பிள்ளைக்கு, 'நான் அழுத்தினால் ஒன்று நடக்கிறது' என்று கற்றுக்கொடுக்க அவை உதவும். சில பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் அமைதி அடைகிறார்கள். அவர்களிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒலிபெருக்கி ஓட்டையில் டேப் ஒட்டினாலே பாதி இரைச்சல் அடங்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, 'பாம் பாம்' என்று நீங்களே சத்தம் கொடுங்கள்.

பொம்மையை எப்போதும் காதோடு ஒட்டி வைத்துக் கேட்கும் பிள்ளைக்கு முதலில் செவிப் பரிசோதனை செய்யுங்கள். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், 'அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்' என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் பிள்ளையின் வளர்ச்சி பற்றிய கேள்வித்தாள் உண்டு. தாதி கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சமூக நல இலாகாவின் பி.டி.கே. மறுவாழ்வு மையத்துக்குப் பதிய, மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். 1984ஆம் ஆண்டு திரெங்கானுவில் தொடங்கிய இந்தத் திட்டம், மருத்துவமனைக்குத் தொலைவில் இருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்காகத்தான்.

இன்றிரவு ஒன்று செய்து பாருங்கள். டிவியையும் பொம்மையையும் அடைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். உடனே பதில் வராமல் போகலாம். நாளைக்கும் உட்காருங்கள்.