குருதி உறையும் நோயும் அதன் சிகிச்சையும்



விரலில் அரிவாள்மணை பட்டால் இரத்தம் கசிகிறது. சற்று நேரத்தில் உறைந்து தானே நின்றும் விடுகிறது. நம்மைக் காக்கும் இவ்வுறைதல், காயம் ஏதுமின்றி இரத்தக் குழாய்க்குள்ளேயே நிகழுமாயின் அதுவே ஆபத்தாகும். கால் வீங்கும்; நுரையீரலில் அடைப்பு உண்டாகும்; இளவயதிலேயே பக்கவாதம் வரும்; கருவுற்ற பெண்களுக்குக் கரு கலையும். கிருமிகளைத் தாக்கவேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்த உடலுக்கே பகையாவதால் விளையும் இந்நோய்க்கு ஆண்டிபாஸ்போலிப்பிட் நோய் என்று பெயர். லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் 1983-இல் இதனை விவரித்தார்.

லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவருக்கு மும்முறை கரு கலைந்தது. உறவினரிற் சிலர் தோஷம் என்றனர். சிலர் அவர் உணவைக் குறை கூறினர். குற்றம் அவருடையதன்று என்பதை இரத்தப் பரிசோதனையே காட்டிற்று. இப்பரிசோதனையைப் பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஏனெனில் சாதாரணத் தொற்றுக்குப் பின்னும் இவ்வெதிர்ப்பொருள்கள் தோன்றி மறைவதுண்டு.

இத்தகைய பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் சிறிதளவு ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் தரப்படுகின்றன. லண்டனில் 90 பெண்களிடம் நடந்து 1997-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 42 பேரும், இரண்டும் பெற்றோரில் 71 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர்.

இரத்தம் ஒருமுறை கட்டிவிட்டவர்களுக்கு வார்ஃபரின் மாத்திரையே இன்றும் முதன்மையான மருந்து. பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற அமெரிக்கக் கால்நடைகள் இரத்தம் கசிந்து இறந்ததை ஆராய்ந்ததன் பயனாக இது பிறந்தது. முதலில் எலி விஷமாக விற்கப்பட்டு, 1954-இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. இது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அந்த வைட்டமினோ கீரையில் மிகுதி. லேக் மார்க்கெட்டில் வாங்கும் முருங்கைக் கீரையானாலும், வங்காளியர் உண்ணும் பாலங் ஷாக் ஆனாலும், அறவே விலக்க வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே முறை. ஐ.என்.ஆர். என்னும் அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையே நிற்கவேண்டும். வார்ஃபரின் உண்ணும் பெண், கருவுற எண்ணும்போதே மருத்துவரிடம் கூறுதல் அவசியம். அது கருவுக்குத் தீங்கு செய்யும்.

கீரைக் கணக்கும் அடிக்கடிப் பரிசோதனையும் வேண்டாத புது மாத்திரைகள் வந்துள்ளனவே எனலாம். அவற்றுள் ஒன்றான ரிவராக்சபானை, மூவகை எதிர்ப்பொருளும் உடையவர்களிடம் இத்தாலியில் ஆராய்ந்தனர். வார்ஃபரின் உண்டோரைவிட இவர்களுக்கே மிகுதியாக இரத்தக் கட்டும் பக்கவாதமும் நேர்ந்தமையால் 2018-இல் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே தாமாக மருந்தை மாற்றலாகாது. மலேரியாவுக்கு வந்த ஹைட்ராக்சிகுளோரோகுவினும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களை ஒடுக்கும் ரிடுக்ஸிமாப்பும் இந்நோய்க்கு ஆராயப்பட்டு வருகின்றன.

கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரத்தவியலுக்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. மாற்றலாகி ஊர்தோறும் செல்லும் நம்மவர், பரிசோதனைக் குறிப்பேட்டையும் மருந்துச் சீட்டையும் உடன்கொண்டு செல்வாராக. பல் பிடுங்குமுன்னும் அதனைக் காட்டுக. பழியை விடுத்துப் பரிசோதனையை நாடும் குடும்பத்துக்கு இந்நோய் அடங்கி நடக்கும்.