தேய்ந்ததா, தேய்த்ததா?

 

ஆங்கிலத்தில் 'இரோடு' என்றொரு வினைச்சொல் உண்டு. (நம் ஈரோட்டை ஆங்கிலத்தில் எழுதுகையில் வரும் அதே எழுத்துகள்தாம், பொருளால் இரண்டற்கும் எவ்வகை உறவுமில்லை.) இலத்தீனத்தில் கொறித்தலைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது அது. எலி, அணில் முதலிய கொறி விலங்குகட்கு ஆங்கிலர் வழங்கும் 'உரோடண்டு' என்னும் பெயரும் அவ்வேரினதே. எனவே சிறிது சிறிதாகத் தின்னப்படுவதையே அச்சொல் சுட்டும். ஒரே இரவில் வெள்ளம் அடித்துச் சென்ற வீட்டுக்கு அது பொருந்தாது. ஆண்டுதோறும் ஆறு கரைத்த கரைக்கே பொருந்தும்.

மண்ணுக்கும் கல்லுக்கும் மட்டுமன்றி நம்பிக்கை, உரிமை, பணமதிப்பு ஆகியவற்றுக்கும் அதனை ஆங்கிலர் ஆள்கின்றனர். நம்மவரோ தமிழாக்குங்கால் 'அரிப்பு' என்னும் ஒரு சொல்லையே எங்கும் ஒட்டிவிடுகின்றனர். 'நம்பிக்கை அரிப்பு' என்றால் படிப்பவர்க்குத் தினவன்றோ நினைவுக்கு வரும்? கரையை நீர் அரிக்கும், கத்தி மழுங்கும், கயிறு இற்றுப்போகும், மரம் உளுக்கும், பணமதிப்புத் தேயும், நம்பிக்கை தளரும். இத்துணைச் சொற்கள் இருக்க, ஒன்றையே தேய்ப்பானேன்?

இதனினும் பெரிதொன்றுண்டு. அவ்வாங்கில வினை தன்வினைக்கும் பிறவினைக்கும் உருமாறாமலே நிற்கும். 'கடல் கரையை இரோடுகிறது' என்னலாம். 'கரை இரோடுகிறது' என்றும் விட்டுவிடலாம். பின்னதில் செய்தவன் மறைந்துகொள்கின்றான். தமிழிலோ தேய்ந்தது வேறு, தேய்த்தது வேறு. கரைந்தது வேறு, கரைத்தது வேறு. மெல்லொற்று வல்லொற்றானதும் 'செய்தது எது?' என்னும் வினா தானே எழும்.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980-களின் இறுதியில் அங்குத் துறைமுகத்திற்காகக் கடலுள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அவை மறித்தன. தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே நகரின் மணற்கரை குறைந்து மறைந்து, கருங்கற்களைக் கொட்டிக் காக்க நேர்ந்தது. 'கரை இரோடிற்று' என்று ஆங்கிலத்தில் இதனை முடித்துவிடலாம். அதைப் பார்த்தெழுதும் நம்மவர் 'கடல் அரிப்பு' என்று பழியைக் கடலின் தலையில் ஏற்றுகின்றனர். கடல் அங்குப் புதிதாக வந்ததா, என்ன? 'சுவர் மணலை மறித்தது; மணல் பெறாத கரையை அலை கரைத்தது' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

'உரிமைகள் இரோடின' என்று ஆங்கிலத்தாளில் காணும் மொழிபெயர்ப்பாளர், 'தேய்ந்தன' என்று எழுதுமுன் தேய்த்தவர் யாரென அச்செய்தியின் அடிவரை தேடிப் பார்க்க வேண்டுகிறேன். பல வேளைகளில் பெயர் அங்கேயே இருக்கும்.