பருந்தும் கோழிக்குஞ்சும்



தாய்க்கோழி 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சைப் பருந்து ஒரு நொடியில் தூக்கிச் சென்றுவிடுகிறது. முட்டை விற்ற காசில் பிள்ளைகளின் செலவைப் பார்க்கும் வீட்டுக்கு நான்கு குஞ்சுகள் போவது சிறிய இழப்பன்று. இதைத் தடுக்க முடியுமா? முடியும்.

முதலில் பறவையை இனங்காண்போம். தலையும் மார்பும் வெண்மையாக, உடல் செங்காவி நிறமாக, புக்கிட் தெங்காவிலும் ஜூரு ஆற்றுப் பக்கமும் வட்டமிடுவது செம்பருந்து. மீனும் செத்த பிராணிகளுமே அதன் முக்கிய உணவு. ஆனாலும் வெட்டவெளியில் திரியும் குஞ்சை விடாது. செம்பனைத் தோட்டத்தின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் சாம்பல் நிறச் சிறு பருந்து வேறு. அது எலிகளைத் தின்று நமக்கு உதவுவது.

ஆகவே நஞ்சும் வேண்டாம், உண்டிவில்லும் வேண்டாம். நஞ்சு வீட்டு நாயையும் பூனையையும் கொல்லும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பருந்துகளைக் காக்கிறது.

பின் என்ன செய்யலாம்? முதல் ஆறு வாரம் குஞ்சுகளைத் தாயோடு அடைப்புக்குள் வைப்போம். மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுவோம். வலை தொய்ந்தால் கோழியே சிக்கிக்கொள்ளும். தீனியைக் கூரையடியில் வைப்போம். கொல்லையில் வாழையும் மரவள்ளியும் நட்டால், தாய்க்கோழி எச்சரித்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். சேவல் ஒன்று இருந்தால் வானத்தைப் பார்த்து அதுவும் குரல் கொடுக்கும்.

பருந்து தன் பசிக்கு இரை தேடுகிறது. குஞ்சுக்கு மறைவிடம் தருவது நம் கடமை.